அண்ணியின் கல்லும் அந்தரத்துப் பாலமும்

என் அண்ணியை எங்கள் வேலைத்தளத்தில் எல்லோரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் ஏணி ஏறி அந்தக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பாள். நடுவில் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வேண்டும். வாக்கி-டாக்கியில் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். “மேகம் ரெடி.”

நான் கீழே கேன்டீனில் டீ போடுகிறேன். அண்ணியின் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பதும், சாயங்காலம் வாங்கிக் கழுவி வைப்பதும் நான்தான். அந்தப் பாட்டில் போனபடியே திரும்பி வரும். மேலே கழிவறை கிடையாது. ஒருமுறை இறங்கி ஏறினால் அவ்வளவு நேரமும் வேலை நிற்கும், கீழே இருப்பவர்கள் ஆளாளுக்கு வாய்க்குள் முனகுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

“தாகமே எடுக்கலடி” என்பாள். உதடு தோல் உரிந்து கிடக்கும்.

அண்ணி சித்தாளாக வந்தவள். சிமென்ட் சட்டி சுமந்தாள். அப்புறம் ஆளையும் சாமானையும் மாடிக்கு ஏற்றும் லிஃப்டில் பொத்தான் அழுத்தும் வேலை கிடைத்தது. லிஃப்ட் மேலே போய் நிற்கும்போதெல்லாம் பக்கத்துக் கிரேனையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒருநாள் சூப்பர்வைசரிடம் போய், “அத ஓட்ட எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். இவள் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் லைசென்ஸோடு வந்து அதே சூப்பர்வைசர் முன்னால் நின்றாள்.

அண்ணன் அப்போது அங்கே சிக்னல்காரன். கேபினில் இருப்பவருக்குக் கீழே எல்லா இடமும் தெரியாது. சுமையை எங்கே நகர்த்த வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று தரையிலிருந்து சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அண்ணனும் அண்ணியும் முதலில் பழகியது குரலோடுதான். “இடது பக்கம். இன்னும் கொஞ்சம். போதும். இறக்கு.” ஒரு மழை நாளில் வேலை நின்று அவள் கீழே வந்தபோது, கேன்டீனில் டீ கேட்டவனின் குரலைக் கேட்டுத் திரும்பி, “நீங்கதானா அந்த இடது பக்கம்?” என்றாளாம். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் அந்தப் பேச்சு நிற்கவில்லை. கட்டிலை நகர்த்தினாலும் அண்ணன் வாசலில் நின்று கையைக் காட்டுவான்.

இப்போது நாங்கள் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியில். பழைய கட்டடத்துக்கு எதிரே புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. இரண்டையும் மூன்றாவது மாடியில் இணைக்க ஓர் இரும்பு நடைபாலம். தரையிலேயே முழுசாகச் செய்து, ஒரே தூக்கில் மேலே கொண்டுபோய், இரண்டு பக்கச் சுவரிலும் திறந்து விட்டிருக்கும் வாய்க்குள் உட்கார வைக்க வேண்டும். பாலத்துக்குக் கீழேதான் ஆம்புலன்ஸ் வரும் வழி. அதனால் ஒரே ஒரு நாள் காலையில் மட்டும் அந்த வழியை மூட ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டிருந்தது.

அந்த நாளுக்காக அண்ணி தவம் கிடந்தாள். அவ்வளவு நீளமான சுமையை அவள் அதுவரை தூக்கியதில்லை. சாப்பிடும்போதும் பாலம்தான், படுக்கும்போதும் பாலம்தான். துடைப்பத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஊதி ஊதி அது எப்படிச் சுழல்கிறது என்று பார்ப்பாள்.

“வீட்டப் பெருக்கச் சொன்னா துடைப்பத்துக்கு ஊஞ்சல் கட்டுறா பாரு” என்பான் அண்ணன். ஆனால் அவனும் குனிந்து உட்கார்ந்து ஊதுவான்.

பாலம் ஏற மூன்று வாரம் இருந்தபோதுதான் அது நடந்தது.

மதிய டீக்கு முன்னால் ஒரு கம்பிக் கட்டைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தாள். திடீரென்று சுமை அந்தரத்தில் நின்றது. அண்ணன், “மேகம்?” என்றான். பதில் இல்லை. பல்லைக் கடித்து மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

“மேகம், என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. இறக்குறேன். நீங்க சொல்லுங்க.”

அண்ணன் சொல்லச் சொல்ல இறக்கினாள். கம்பிக் கட்டு சத்தமே இல்லாமல் தரையில் படிந்தது. அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது. “என்னங்க, விலாவுல யாரோ கத்திய விட்டுத் திருகுறாங்க.”

மேலே ஏறி அவளைக் கயிற்றில் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தது கொக்கி மாமா. சுமைக்குச் சங்கிலி மாட்டும் கூட்டத்துக்குத் தலைவர். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் மாமா. வேலி தாண்டினால் ஆஸ்பத்திரிதான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த சிறுநீரக டாக்டர் ஒரு அம்மா. வேகமாகப் பேசுவார், பேசும்போதே படமும் போடுவார்.

“ஒரு பொடிக்கல்லு இறங்கியிருக்கு, இந்த வலி அதனாலதான். அது தானா போயிடும். ஆனா இடது கிட்னியோட அடிப்பக்கத்துல அதோட அப்பன் உக்காந்திருக்கான். ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். நல்ல கெட்டி. என்ன வேல பாக்குறீங்க?”

அண்ணி ஜன்னல் வழியாகக் கிரேனைக் காட்டினாள்.

டாக்டர் கிரேனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். “தண்ணி குடிக்கிறீங்களா?” அண்ணி தரையைப் பார்த்தாள்.

கல்லை எடுக்க மூன்று வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். ஒன்று, உடம்புக்கு வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைப்பது. வெட்டு, தையல் எதுவும் இல்லை. உடைந்த தூள் சிறுநீரோடு போகும். இரண்டு, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே அனுப்பி, லேசரால் கல்லைப் பொடியாக்குவது. இதிலும் வெளியே காயம் இல்லை. ஆனால் மயக்க மருந்து உண்டு, அப்புறம் கொஞ்ச நாளைக்கு உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் இருக்கும். மூன்று, முதுகில் சின்னத் துளை போட்டு நேராகக் கிட்னிக்குள் போய்க் கல்லை எடுப்பது. பெரிய கல்லுக்கு அதுதான் நிச்சயம். ஆனால் ரத்தம் போக வாய்ப்பு கூடுதல், ஓய்வும் கூடுதல்.

“யோசிச்சுட்டு வாங்க. உங்க கல்லுக்கு முதல் ரெண்டுல ஒண்ணு பாக்கலாம். மூணாவது கையிருப்புல இருக்கட்டும்.”

மறுநாள் மதியம் கேன்டீனில் பெரிய கூட்டம் கூடியது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். எந்தப் பெரிய சுமையைத் தூக்குவதாக இருந்தாலும் முதல் நாளே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எடை என்ன, எங்கே பிடிப்பது, வழியில் என்ன இடிக்கும் என்று பேசித் தீர்ப்பார்கள். அண்ணியின் கல்லுக்கும் அதே மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். கொக்கி மாமா சர்க்கரை டப்பாவை இழுத்து நடுவில் வைத்தார்.

“இது கிட்னி.” ஒரு பிஸ்கட் துண்டை உள்ளே போட்டார். “இது கல்லு. இப்ப எவன் எப்படி எடுக்குறது, சொல்லுங்க.”

“மாமா, அது எங்க எல்லாருக்கும் போடுற சர்க்கரை” என்றான் ஒருவன்.

“கிட்னிக்கு மரியாதை குடுறா.”

கோந்து முதலில் வாயைத் திறந்தான். கோந்து என்பவன் மாற்று ஆபரேட்டர். அண்ணி லீவு போட்டால் கிரேனில் ஏறுவான். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர். “அக்கா, எங்க சித்தப்பாவுக்கு அதிர்வலைதான் வச்சாங்க. போயிட்டு அன்னிக்கே வந்துட்டாரு. நடந்தே வந்தாரு.”

“உங்க சித்தப்பா கல்லு எவ்ளோ பெருசு?” என்றாள் அண்ணி.

“மிளகு சைசு.”

“மிளக உடைக்க அதிர்வலை எதுக்கு, அம்மியே போதுமே” என்றார் மாமா. தன் சட்டையைத் தூக்கி, விலாவிலிருந்து தொப்புள் வரை ஓடிய பழைய தழும்பைக் காட்டினார். “அந்தக் காலத்துல எனக்குக் கெடங்கு வெட்டுற மாதிரி வெட்டித்தான் எடுத்தாங்க. கல்லு எங்கேயும் தப்பிக்க முடியல. நானும் எங்கேயும் தப்பிக்க முடியல.”

“சட்டைய இறக்குங்க மாமா. டீ குடிக்கிறோம்.”

அண்ணன் அதிர்வலை பக்கம்தான் நின்றான். “காயமே இல்லன்னா அதுதானே நல்லது? இன்னிக்கு உடைச்சா அடுத்த வாரம் கேபின்ல உக்காந்துடுவா. பாலம் தவறாது.” எல்லோரும் தலையாட்டினார்கள். காயம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அதுதான் அவர்கள் கணக்கு.

கொக்கி மாமா மட்டும் தலையாட்டவில்லை. “அந்தரத்துல நின்னா?” என்று கேட்டார். எந்தச் சுமைக்கும் அவர் கேட்கும் கேள்வி அது. பாதியில் நின்றுபோனால் என்ன செய்வோம் என்று பதில் வராமல் அவர் கொக்கியை மாட்ட விடமாட்டார். “உடைக்கிறது பெருசில்லப்பா. போன வருஷம் மேல்மாடிச் சுவர இடிச்சு, குப்பை கொட்டுற குழாய்ல போட்டோமே, என்ன ஆச்சு?”

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. செங்கல் துண்டுகள் குழாயின் வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இரண்டு நாள் ஊரைக் கூட்டியது. சர்க்கரை டப்பாவுக்குள் இருந்த பிஸ்கட்டைக் கோந்து எடுத்துத் தின்றுவிட்டான். கூட்டம் முடிந்தது.

மறுபடி டாக்டரிடம் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. டாக்டர் அண்ணியைப் பார்த்து, “உங்களுக்கு எது சரின்னு படுது?” என்று கேட்டார். அண்ணி பதில் சொல்லாமல் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தன்னை அறியாமலேயே உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து மெதுவாக அசைத்தான். தளத்தில் அதற்கு ‘இறக்கு’ என்று அர்த்தம்; அவன் சொன்னதையே முடித்துவிடு என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் உடனே, “சரி, அதிர்வலை” என்றாள்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. “அவர் என்ன கைய ஆட்டுறாரு? நீங்க ஏன் அவரப் பாத்து சொல்றீங்க?”

“அவருதான் டாக்டர் சிக்னல்” என்றாள் அண்ணி. “ஒரே ஆள் சொல்றதத்தான் கேக்கணும். பத்துப் பேர் சொன்னா சுமை எங்கேயாவது போய் இடிச்சிடும்.”

கூடவே வந்திருந்த கொக்கி மாமா கடுப்பாகிவிட்டார். “அம்மா தாயே, எங்க நகத்தணும்னுதான் அவன் சொல்லுவான். தூக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது கேபின்ல உக்காந்திருக்கறவ. காத்து சரியில்லன்னா நீ தூக்க மாட்டேன்னு சொல்றதில்ல? எத்தன தடவ என்னையே நிக்க வச்சிருக்க! இது உன் கேபின். நீயே கேளு.”

அண்ணி அண்ணனிடமிருந்து பார்வையைத் திருப்பினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்ட விதம் இருக்கிறதே, கம்பிக் கட்டை இறக்குவது போலவே இருந்தது. அதிர்வலையில் என் கல் ஒரே தடவையில் உடையுமா? டாக்டர் யோசித்துச் சொன்னார்: “கெட்டிக் கல்லு, அதுவும் அடிப்பக்கம். உடைஞ்சாலும் உடையும், உடையாமலும் போகலாம். ரெண்டாவது தடவ வர வேண்டியிருக்கலாம்.” தூள் எத்தனை நாள் இறங்கும்? “சில சமயம் வாரக்கணக்குல.” அப்போது வலி வருமா? “எப்ப வரும்னு சொல்ல முடியாது.”

“அப்ப சுமையோட இருக்கும்போது வந்தாலும் வரும்” என்றாள் அண்ணி.

“அதனாலதான் தூள் முழுக்கப் போறவரைக்கும் உங்கள மேல ஏற விடமாட்டேன்.”

மாமா குப்பைக் குழாய் கதையை ஆரம்பித்தார். டாக்டர் ரசித்துக் கேட்டார். “நல்லாத்தான் சொல்றீங்க. துண்டுங்க வழியில வரிசையா சிக்குறது உண்டு. ஆனா உங்க குழாய் பிளாஸ்டிக். இது சதை. தானே சுருங்கி விரிஞ்சு தள்ளும். நிறையப் பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லாம எல்லாம் வெளிய வந்துடும். மிளகு சைசுக் கல்லா இருந்தா நானே அதிர்வலைதான் சொல்லியிருப்பேன்.” கோந்தின் சித்தப்பாவை அவருக்கு யார் சொன்னார்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

லேசர் பாதியில் நின்றால்? “ஸ்டென்ட்ட வச்சிட்டு வெளிய வந்துடுவோம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போவோம். பெரும்பாலும் ஒரே தடவையில முடிஞ்சிடும்.” முதுகு வழியாகப் போனால் கல் நிச்சயம் வந்துவிடும், ஆனால் ஏணி ஏறப் பல வாரம் ஆகும்.

“காயம் எவ்ளோன்னு பாத்துக்கிட்டிருந்தோம்” என்றாள் அண்ணி, அண்ணனிடம். “எது நிச்சயம்னு பாக்கல.” டாக்டர் பக்கம் திரும்பினாள். “லேசர் வச்சுக்குறேன்.” அண்ணனின் கை மடியிலேயே கிடந்தது.

அடுத்த வாரமே தேதி கொடுத்தார்கள். ஆபரேஷன், ஒரு வாரம் ஸ்டென்ட், அதை எடுத்தால் பாலத்துக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும். வீட்டில் ஒரே கொண்டாட்டம். துடைப்பம் மறுபடி நூலில் தொங்கியது.

ஆபரேஷன் அன்று காலையில் அண்ணியின் கதவைத் தட்டப் போனேன். ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்து கிடந்தது. அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிக்கொண்டிருந்த சீப்பு கையில் நிற்காமல் நடுங்கியது. என்னைப் பார்த்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மேஜையில் காய்ச்சல் மாத்திரை அட்டை கிடந்தது. ஒன்று பிரித்திருந்தது.

“குளிருதா அண்ணி?”

“ஆபரேஷன்னா நடுங்காம? போ, பைய எடு.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வரிசையாகக் கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா. காய்ச்சல், குளிர்நடுக்கம் இருந்ததா? “இல்ல” என்றாள் அண்ணி. வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். மாத்திரை வேலை செய்திருந்தது. சரியாகத்தான் காட்டியது. அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தான். சக்கரக் கட்டில் வந்தது. அண்ணி ஏறிப் படுத்தாள். தள்ள ஆரம்பித்தார்கள்.

எனக்கு யார் முன்னாலும் சட்டென்று வாய் வராது. தளத்தில் என்னை வாயில்லாப்பூச்சி என்பார்கள். ஆனால் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் கொக்கி மாமா எல்லோரையும் நிற்க வைத்து ஒன்று சொல்வார். நகர்த்தச் சொல்ல ஒரே ஆளுக்குத்தான் உரிமை. நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் உரிமை. டீக்காரி கையை நீட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

நான் கட்டிலுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினேன்.

அண்ணி படுத்தபடியே, “நிறுத்துங்க” என்றாள். அவளை அறியாமல் வந்த வார்த்தை அது. அத்தனை வருடப் பழக்கம். கட்டில் நின்றது. சொல்லிவிட்டோமே என்று அவள் முகம் சுருங்கிப்போனது.

“காலையில நடுங்குனாங்க. மாத்திரை போட்டிருக்காங்க” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

டாக்டர் வந்து மறுபடி ஸ்கேன் எடுத்தார். அடியில் இருந்த கல் இடம் மாறி, சிறுநீர் வெளியேறும் வாயை அடைத்திருந்தது. பின்னால் தேங்கியதில் கிருமி. “இந்த நிலைமையில கேமராவ விட்டுத் தண்ணியப் பீச்சி லேசர் அடிச்சிருந்தா கிருமி ரத்தத்துல ஏறியிருக்கும். உயிருக்கே ஆபத்தாயிருக்கும். ஏம்மா மறைச்சீங்க?”

“பாலம் இருக்கு டாக்டர்.”

“பாலம் இருக்கும். நீங்க இருக்கணுமில்ல?”

அன்று கல்லைத் தொடவில்லை. தேங்கியது வடிய ஒரு ஸ்டென்டை மட்டும் வைத்து, மருந்து ஏற்றி, காய்ச்சல் இறங்க வைத்தார்கள். கிருமி முழுக்கப் போன பிறகுதான் லேசர். தேதி தள்ளிப்போய், பாலம் ஏறும் நாளுக்கு முந்தின நாளில் வந்து நின்றது. அதற்குப் பிறகு மறுபடி ஸ்டென்ட் இருக்கும். ஏணி ஏறக் கூடாது. பாலத்தைக் கோந்துதான் தூக்கப்போகிறான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அண்ணி வீட்டுக்கு வந்ததும் துடைப்பத்தை அவிழ்த்து மூலையில் வைத்தாள். என்னிடம் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுப் போவாள். அண்ணன், “உன் உயிரக் காப்பாத்தியிருக்காடி அவ” என்றதற்கு, “தெரியுது. தெரிஞ்சதனாலதான் திட்டக்கூட முடியல” என்றாள். நான் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அது மட்டும் காலியாகித் திரும்பி வந்தது.

கோந்து தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கவில்லை. “அக்கா, காத்து இடது பக்கத்துலேர்ந்து வந்தா என்ன பண்ணுவீங்க? கேபின்லேர்ந்து பாத்தா பழைய கட்டடத்து வாய் தெரியுமா?” முதல் நாள் அவள் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள், “தெரியாது. தூண் மறைக்கும்” என்றாள். மூன்றாம் நாள் அவளே துடைப்பத்தை எடுத்து நூலைக் கட்டினாள்.

லேசர் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து இரண்டு விரலையும் தேய்த்துக் காட்டினார், மாவு மாதிரி. “அப்பன் போயிட்டான்.” அண்ணன் அங்கேயே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். கொக்கி மாமா டாக்டரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ‘தூக்கு’ என்று அர்த்தம். டாக்டரும் கட்டைவிரலை உயர்த்தினார். அவருக்கு அர்த்தம் தெரிந்திருக்காது.

அண்ணியைப் படுக்க வைத்திருந்தது பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். விடிந்தது பாலம் ஏறும் நாள். அவள் படுக்கையிலிருந்து நடைவழி தெரிந்தது. நடைவழியின் கடைசியில் சுவரைத் திறந்து விட்டிருந்த வாய், அதற்கு அப்பால் வானம், அதில் எங்கள் கிரேன். அண்ணியால் படுத்திருக்க முடியவில்லை. ஸ்டென்ட் குத்துகிறது, அடிக்கடி போக வேண்டும் போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றாள். டாக்டர் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

“வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் வேடிக்கை பாக்கலாம். உக்காந்துதான். தடுப்புக் கயிறுக்கு இந்தப் பக்கம்தான்.”

அண்ணன் அந்த வாய் ஓரத்தில் இடுப்பில் கயிறு மாட்டி நின்றுகொண்டிருந்தான். கீழே கொக்கி மாமா. மாமாவின் சிக்னலில் பாலம் தரையை விட்டு எழும்பியது. அவ்வளவு பெரிய இரும்பு, நூலில் கட்டிய துடைப்பம் போல மெதுவாகத் திரும்பியது. ஜன்னலுக்கு ஜன்னல் நோயாளிகள், நர்ஸுகள், சமையல்காரர்கள். ஒரு வார்டு முழுக்க மூச்சு விடவில்லை. பாலம் எங்கள் கண் மட்டத்துக்கு வந்தது, சிக்னல் அண்ணன் கைக்கு மாறியது. நெருங்கியது. பிறகு நின்றது.

வாக்கி-டாக்கியில் கோந்தின் குரல் வந்தது. “அண்ணே, தூண் மறைக்குது. நீங்க இடதுன்னு சொல்றது எனக்கு எந்த இடம்னு பிடிபடல. காத்து வேற.” உடனே கேட்டான். “அக்கா அங்க இருக்காங்களா?”

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அண்ணி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கேபினிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்று அவளைப் போல உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அண்ணன் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான்.

“எல்லாரும் கேளுங்க. சிக்னல் மாறுது. இனிமே மேகம்.”

“மாமாவுக்குச் சரி” என்று கீழேயிருந்து குரல் வந்தது. சூப்பர்வைசரும் சரி என்றார். அண்ணன் வந்து அவள் கையில் வாக்கி-டாக்கியைக் கொடுத்து, தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். ஆஸ்பத்திரி உடுப்பு, கையில் ஊசி, தலையில் ஹெல்மெட், சக்கர நாற்காலி. பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணி திரும்பவில்லை.

“தள்ளு” என்றாள். என்னைத்தான். பல நாட்களுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. தடுப்புக் கயிறுவரை தள்ளினேன். “நீ கீழ் விளிம்பப் பாரு. சுவத்துல இடிக்குற மாதிரி இருந்தா கைய நீட்டு. உனக்குத்தான் அது வருமே.”

பிறகு அவள் பேசியது கோந்திடம்.

“தம்பி, மேகம் பேசுறேன். உன் வலது பக்கக் கண்ணாடியில ஒரு கீறல் இருக்கும் பாரு. நான் போட்டதுதான்.”

“இருக்குக்கா.”

“அந்தக் கீறலும் எதிர்க்கட்டடத்துத் தண்ணித்தொட்டியும் ஒரே கோட்டுல வர்றவரைக்கும் திருப்பு. மெதுவா. தூணப் பாக்காத, அது உனக்கு உதவாது. வருதா?”

“வருது... வந்துருச்சு.”

“நில்லு. காத்து போகட்டும். மூச்ச விடு.”

“எனக்கா, கிரேனுக்கா?”

“ரெண்டுக்கும்.”

பாலம் அசைந்து அசைந்து அடங்கியது. அண்ணி கண்ணைச் சிமிட்டவில்லை. “இப்ப என் பக்கம். இன்னும். இன்னும் ஒரு கை அளவு. போதும். இறக்கு... இறக்கு... ஒரு விரல்... நில்லு. மறுபடி ஒரு விரல்.” நான் கீழ் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கும் இரும்புக்கும் நடுவே தெரிந்த வெளிச்சம் மெலிந்தது, நூலானது. எதிலும் இடிக்காமலேயே மறைந்தது. நான் கையை நீட்டத் தேவையே வரவில்லை.

“உக்காந்துருச்சு” என்றாள் அண்ணி.

எதிர்க்கட்டடத்திலிருந்து, “இங்கயும் உக்காந்துருச்சு!” என்று கத்தினார்கள். போல்ட் மாட்டும் ஆட்கள் இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். வார்டு வார்டாகக் கை தட்டினார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தான். டாக்டர் தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட, “ஐயோ டாக்டர், அதக் காட்டாதீங்க, மறுபடி தூக்கிடப் போறான்” என்று அண்ணி அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

சங்கிலிகளைக் கழற்றும்வரை அவள் வாக்கி-டாக்கியைக் கீழே வைக்கவில்லை. கடைசிக் கொக்கி விடுபட்டதும் அதில் கோந்தின் குரல் வந்தது. தளத்தில் இருந்த எல்லோருக்கும், மூன்றாவது மாடியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“அக்கா, நான் இறங்கலாமா? காலையிலேர்ந்து அடக்கி வச்சிருக்கேன்.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

“இறங்குடா. இப்பவே இறங்கு. யாராவது முனகினா என் பேரச் சொல்லு. அடக்கி வச்சவ இங்க சக்கர நாற்காலியில உக்காந்திருக்கா.”

பிறகு வாக்கி-டாக்கியை அண்ணனிடம் நீட்டிவிட்டு, என் பக்கம் கையை நீட்டினாள். நான் பாட்டிலைக் கொடுத்தேன்.